கேட்ட கதையை எழுதும் முறை

நாட்டுப்புறக் கதை ஒன்றைத் தம் சொல்லில் எழுத முனையும் மாணவர்க்கு முதலில் ஒரு தயக்கம் தோன்றும், தோன்றத்தான் வேண்டும். கதை அவருடையதன்று. அது அவருடைய பாட்டியுடையதும் அன்று. உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் பாட்டி இன்னொரு பாட்டியைக் காட்டுவார். ஆனால் எழுதப்போகும் வாக்கியங்கள் முழுக்க முழுக்க அந்த மாணவருடையவை. பிறர் பொருளும் தன் சொல்லும் கூடும் இந்த இடத்தில் எவ்வளவு உரிமை, எவ்வளவு கடமை என்று தெளியாமல் தொடங்கினால், எழுத்து வெறும் பதிவேடாக முடியும். அல்லது பழைய கதையின் பெயரை மட்டும் சுமந்த வேறொரு புனைவாக முடியும். இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் நெறி நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பொறுமையாக விரித்துப் பார்ப்போம்.

இப்பயிற்சிக்குத் தாம்பரம் மிகப் பொருத்தமான ஊர். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நெருக்கடியிலிருந்து தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. தென் மாவட்டத்து ரயில்கள் நகருக்குள் நுழையும் வாயிலாக இவ்வூர் இருந்தமையால், வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள் இங்கும், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், வண்டலூர் எனச் சுற்றிலும் குடியேறினார்கள். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட இவ்வூரின் எந்த வகுப்பறையை எடுத்துக்கொண்டாலும், அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் பாட்டிமார் ஒரே சீமையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் வீட்டில் ஆச்சி. இன்னொருவர் வீட்டில் அப்பத்தா. வேறொருவர் வீட்டில் அம்மாயி. செங்கல்பட்டுப் பக்கத்தவர் வீட்டில் ஆயா. ஒரே கதையை இந்நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் கதையில் பனங்காடு வரும், ஒருவர் கதையில் வாய்க்கால் வரும், ஒருவர் கதையில் ஏரிக்கரை வரும். ‘சரியான வடிவம் எது?’ என்னும் கேள்வி இத்தகைய வகுப்பறையில் எழுந்த உடனேயே பொருளற்றுப் போகிறது. ஒரே ஊரில் பிறந்து ஒரே குரலில் கதை கேட்டு வளர்ந்தவர்க்கு வாய்க்காத பேறு இது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாக்கி, வழிநூலைத் தொகுத்தும், விரித்தும், தொகைவிரியாகவும், மொழிபெயர்த்தும் செய்யலாம் என வகுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சார்புநூல் என மூன்றாவது ஒன்றையும் சேர்க்கிறது. வழிநூலுக்கு நன்னூல் கூறும் இலக்கணம் மூன்று உறுப்புகளை உடையது. முன்னோர் நூலின் முடிபோடு அது முழுதும் ஒத்திருக்க வேண்டும், பின்னால் வருபவர் தாம் வேண்டும் விகற்பங்களைச் சொல்லலாம், மரபு அழியலாகாது. இவை சாத்திர நூல்களை நோக்கி வகுத்த விதிகள். கதை சொல்லும் பாட்டியை இலக்கண ஆசிரியர் இங்கே கருதவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இவ்விதியைக் கடன் வாங்குகிறேன். முடிபு, விகற்பம், மரபு என்னும் இம்மூன்றையும் கைக்கொண்ட மாணவர்க்கு மறுகூறலில் வரக்கூடிய ஐயங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாத்திரத்துக்கு முதல்நூல் உண்டு. நாட்டுப்புறக் கதைக்கு அது கிடையாது. நாம் கேட்கும் ஒவ்வொரு கதையும் ஏற்கெனவே ஒரு வழிநூல். அதற்கு முன்னே இன்னொரு வழிநூல். தோண்டத் தோண்ட வழிநூலே வரும். ஆகவே மாணவர் எழுதுவது மூலத்தைக் கெடுக்கும் செயல் அன்று. நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு காரியத்தில் அவரும் ஒரு கை கொடுக்கிறார். இந்த உறுதி வந்தபின் தயக்கம் அச்சமாக இராது, கவனமாக மாறும்.

முதலாவது உறுப்பு முடிபு. இதைக் கதையின் கடைசி நிகழ்ச்சி என்று கொண்டுவிடக் கூடாது. சாத்திரத்தில் முடிபு என்பது நிறுவப்பட்ட பொருள். கதையிலும் அப்படியே: எந்த ஒன்று நீங்கினால் கதை வேறு கதையாகிவிடுமோ, அந்த ஒன்று முடிபு. இதை எடுத்துக்காட்டு இன்றி விளக்க இயலாது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்த ஏ. கே. ராமானுஜன் 1991இல் இந்திய நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பில் உள்ள தமிழ்க் கதை ஒன்றை அவர் மிகவும் விரும்பினார். நாட்டுப்புறக் கதைகளைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரை ஒன்றுக்கு அக்கதையின் பெயரையே சூட்டினார்.

கதை இது. ஏழைக் கைம்பெண் ஒருத்தி தன் இரண்டு மகன்களோடும் இரண்டு மருமகள்களோடும் வாழ்கிறாள். நால்வரும் அவளை நாளெல்லாம் வதைக்கிறார்கள். சொல்லி அழ அவளுக்கு ஓர் ஆள் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறாள். வைத்துக்கொள்ள வைத்துக்கொள்ள அவள் உடல் பருக்கிறது. பருப்பதைக் கண்டு அவர்கள் மேலும் ஏளனம் செய்கிறார்கள். ஒருநாள் கால்போன போக்கில் ஊர்க்கோடிக்குப் போகிறாள். அங்கே கூரையில்லாத பாழ்வீடு. நான்கு சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு சுவரிடம் ஒரு மகன் செய்த கொடுமையைச் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் அச்சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடல் சற்றே இளைக்கிறது. அடுத்த சுவரிடம் ஒரு மருமகளைப் பற்றிச் சொல்கிறாள், அதுவும் விழுகிறது. இவ்வாறே மற்ற இரண்டும். நான்கு சுவர்களும் விழுந்தபின், உடலும் மனமும் இலேசாகி அவள் அந்த இடிபாட்டின் நடுவே நிற்கிறாள். கதை அவ்வளவுதான்.

இதன் முடிபு யாது? ‘துன்பத்தைப் பிறரிடம் சொல்ல வேண்டும்’ என்று மாணவர் விடை கூறக்கூடும். அது கதையிலிருந்து உருவிய அறிவுரை, முடிபு ஆகாது. கதை நிறுவுவது அறிவுரையைவிடத் துல்லியமானது. சொல்லாத துயரத்துக்கு எடை உண்டு. சொன்னால் அந்த எடை சொன்னவரை விட்டு நீங்கிக் கேட்டவர் மேல் இறங்கும். அதைச் சுவரும் தாங்காது. உடல் பருத்தலும் சுவர் விழுதலும் ஒரே கணக்கின் வரவும் செலவும். இக்கணக்கே முடிபு. மகன்கள் திருந்தினார்களா, மருமகள்கள் தண்டனை பெற்றார்களா என்பதைக் கதை கண்டுகொள்ளவில்லை. கேட்க ஆள் கிடைப்பதே நீதி என்பதால் வேறு நீதியை அது தேடவில்லை.

முடிபைக் காணாத மாணவர் மூன்று இடங்களில் தடுமாறுவார். முதலாவது, கொடியவர்களுக்குத் தண்டனை தருவார். கதை பழிவாங்கும் கதையாகிவிடும். இரண்டாவது, அக்கைம்பெண்ணின் இளமை, மணம், கணவன் இறந்த விதம் என முன்கதை கட்டுவார். நாட்டுப்புறக் கதைக்கு முன்கதை இல்லை. யாருக்கும் நிகழக்கூடியது என்பதற்காகவே அது ஆளுக்குப் பெயர்கூட வைப்பதில்லை. மூன்றாவது இடம் நுட்பமானது. உடல் பருமனைக் கேலி செய்வது இன்றைய மாணவர்க்கு உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானது. ஆனால் பருமனை நீக்கிவிட்டால் துயரத்தின் எடையை எதைக் கொண்டு காட்டுவது? கேலி செய்பவர்கள் கதையின் கொடியவர்களே. கதை அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அது விளங்கும்படி எழுதுவதே மாணவரின் வேலை.

உறுத்தலைக் கண்டு கதையையே திருத்திய பெரும் எடுத்துக்காட்டு ஜெர்மனியில் இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் தம் கதைத் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். 1857 வரை அந்நூல் ஏழு பதிப்புகள் கண்டது. பதிப்புக்குப் பதிப்பு வில்ஹெல்ம் கிரிம் நடையைச் செப்பனிட்டதோடு நிற்கவில்லை. ஒரு கதையையே மாற்றினார். பஞ்சத்தில் தம் குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடச் சொல்பவள் தொடக்கப் பதிப்பில் பெற்ற தாய். பிந்திய பதிப்பில் அவள் சிற்றன்னை ஆகிவிடுகிறாள். தாய்மையின் புனிதத்துக்கு இழுக்கு வரக் கூடாது என்ற எண்ணத்தால் செய்த மாற்றம் அது. ஆயினும் பஞ்சம் வந்தால் பெற்றவளும் அப்படிச் செய்யக்கூடும் என்று கதை அறிந்திருந்த கொடிய உண்மை அங்கே மறைந்தது. மாற்றாந்தாய் மேல் உலகெங்கும் ஒரு பழி நிலைத்தது. இது விகற்பம் அன்று, முடிபின் மேல் கைவைத்தல் என்பதே என் தீர்ப்பு. நடையழகில் அவர்கள் அடைந்த வெற்றியை மதிக்கும் எவரும் இந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி விகற்பம். மாணவரின் படைப்புரிமை முழுதும் இங்கேதான் இருக்கிறது; அது சிறிய இடமன்று. இடம், காலம், பொருள்கள், சொல்லும் கோணம், வேகம் ஆகிய யாவும் அவருடையவை. சுவர்க் கதையைத் தென்சென்னைப் புறநகருக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ஊர்க்கோடிப் பாழ்வீட்டை எங்கே தேடுவது? குரோம்பேட்டையின் குடியிருப்புத் தெருக்களில் பாழ்வீடு வெகுநாள் நிற்காது. இடித்து அடுக்குமாடி எழுப்பிவிடுவார்கள். ஆனால் வண்டலூரைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடங்களில், பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற வீடுகள் இருக்கும். பூச்சு இல்லாத செங்கல் சுவர். மேலே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண். தளம் போடாததால் திறந்த வானம். இப்போது கதையில் ஒன்று புதிதாக நிகழ்கிறது. பழைய கதையில் சுவர் முன்னொருகாலத்தில் வீடாக இருந்தது. இக்கதையில் சுவர் வீடாக ஆகவே இல்லை. யாருடைய துயரத்தையும் இதுவரை கேட்டறியாத சுவர் முதன்முதலில் கேட்பது இதுவே. வீடு கட்டத் தொடங்கி முடிக்க முடியாமல் போன இன்னொருவரின் துயரமும் சொல்லாமலேயே பின்னால் வந்து நிற்கிறது. முடிபு சிறிதும் அசையவில்லை. கதை மட்டும் இவ்வூர்க் கதையாகிவிட்டது. நல்ல விகற்பத்தின் அடையாளம் இதுதான்.

இன்னொரு மாணவர் இதே கதையைப் பெரும்பாக்கத்தின் மாடிக் குடியிருப்பில் நிகழ்த்த விரும்பலாம். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அங்கு ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். அவள் சுவரிடம் சொல்கிறாள். சுவருக்கு அப்பால் இருக்கும் இன்னொருத்தி கேட்கிறாள். அவளும் தன் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறாள். இது அழகான கதை; எழுதத் தகுந்த கதை. ஆனால் சுவர் இங்கே விழவில்லை. கேட்டது மனித உயிர். எடை ஒருவரை விட்டு நீங்கவில்லை, இருவர் பகிர்ந்துகொண்டார்கள். முடிபு மாறிவிட்டது. நன்னூலின் மூன்றாம் வகை இத்தகைய எழுத்துக்குப் பெயர் தருகிறது: ஒரு பங்கு ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ அகலிகை கதைக்குச் சார்பு, வழியன்று. கிரீஷ் கர்னாட் ராமானுஜனிடமிருந்து கேட்ட கன்னட நாட்டுப்புறக் கதைகளைக் கொண்டு எழுதிய ‘நாகமண்டலம்’ நாடகமும் அவ்வாறே. ராஜஸ்தானில் விஜய்தான் தேத்தா போருந்தா கிராமத்தில் இருந்து, கேட்ட கதைகளைத் தாய்மொழியில் மறுபடி எழுதினார். அவர் எழுத்தில் வழியும் சார்பும் கலந்தே ஓடும். சார்பு எழுதுவது குறையன்று. சார்பை எழுதிவிட்டு வழி என்று பெயர் சூட்டுவதே குறை.

இதுவரை கண்டது நடந்ததாக எவரும் நம்பாத கதை. நடந்ததாகவே நம்பப்படும் கதைகள் வேறு வகை. அவற்றை ஐதிகம் என்போம். அவற்றுக்கு ஊர் உண்டு, ஆள் உண்டு, கோயில் உண்டு. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கு நோக்கிச் சென்றால் செங்கல்பட்டைக் கடந்து மதுராந்தகம் வரும். அங்குள்ள கோயிலின் கோதண்டராமர் ஏரி காத்த ராமர் என்று வழங்கப்படுகிறார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர்க் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் வரலாற்று மனிதர். 1799இல் அவர் அளித்த அறிக்கை இப்பகுதியின் ஏரிகளையும் நில உரிமைகளையும் அறிய இன்றும் ஆய்வாளர்க்கு உதவுகிறது. ஐதிகம் அவரைப் பற்றியது. ஆண்டுதோறும் ஏரி உடைகிறது. கோயிலார் தாயார் சன்னதிக்குப் பணம் கேட்கிறார்கள். உங்கள் கடவுள் இம்முறை ஏரியைக் காத்தால் பார்க்கலாம் என்கிறார் துரை. பெருமழை இரவில் கரைக்குப் போகிறார். வில்லேந்திய இருவர் ஒளியோடு கரைமேல் காவல் நிற்கக் காண்கிறார். கரை உடையவில்லை, சன்னதி எழுகிறது.

ஐதிகத்தை எழுதுபவர்க்கு விகற்ப உரிமை குறுகியது. கேட்பவரில் பலர் அதை நம்புகிறார்கள் என்பது ஒரு காரணம். வரலாற்றில் வாழ்ந்த ஒருவர் வாயில் இல்லாத சொல்லை வைக்கிறோம் என்பது மற்றொன்று. ‘உண்மையில் அங்கே நின்றவர்கள் இரண்டு காவலாட்கள், மின்னலில் துரை தவறாகக் கண்டார்’ என்று விளக்கிவிட ஓர் ஆசை எழும். அந்த ஆசையை அடக்கச் சொல்வேன். விளக்கிய மறுகணம் ஐதிகம் செய்திக் குறிப்பாகிவிடுகிறது. நம்பிக்கையைப் பிரசாரமாக ஊதிப் பெருக்குவதும் அதே அளவு தவறு. அப்படியானால் எழுதுவதற்கு என்ன எஞ்சுகிறது?

எஞ்சுவது கோணம். அந்த இரவில் கரைமேல் துரை ஒருவர் மட்டுமா இருந்திருப்பார்? ஏரியின் நடைமுறையை அறிந்தவர் கேட்க வேண்டிய கேள்வி இது. செங்கல்பட்டுச் சீமையில் ஏரிநீரைப் பங்கிட்டு மடை திறந்து அடைக்கும் ஆளுக்கு நீர்க்கட்டி என்று பெயர். மழைக்காலத்தில் மதகையும் கலங்கலையும் கண்ணுறங்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. கரை கசிந்தால் மண்ணும் தழையும் சுமந்துவர ஊரே கூடும். குடிமராமத்து என்ற சொல் அந்த உழைப்பின் பெயர். ஐதிகம் இவர்களைப் பற்றிப் பேசாது. மாணவர் ஒரு நீர்க்கட்டியின் கண்வழியாகக் கதையைச் சொல்லலாம். அவர் இருட்டில் கசிவைத் தேடிக்கொண்டு போகிறார். சற்றுத் தொலைவில் குடை பிடித்த ஆட்களோடு வந்த துரை திடீரென்று மண்டியிடுவதைப் பார்க்கிறார். துரை பார்த்த பக்கம் தாமும் திரும்புகிறார். அவர் என்ன கண்டார் என்பதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். யாரோ காவல் நின்றார்கள், கரை நின்றது என்னும் முடிபு இரண்டிலும் காப்பாற்றப்படுகிறது. இதுவரை கதைக்கு வெளியே நின்ற ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

இக்கோணத்தை எழுதும் தகுதி தாம்பரத்து மாணவர்க்குத் தனியாக உண்டு. 2015 டிசம்பர் முதல் நாளின் மழையில், மறுநாள் காலை முடிய ஒரே நாளில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. படகில் வந்து ஆட்களை மீட்டார்கள். அன்று சிறுவராக மொட்டை மாடியில் நின்றவர்கள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். நீர் ஏறும் ஓசையும், இருட்டில் அது தெரியாமல் வருவதும், யாராவது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்களா என்ற ஏக்கமும் அவர்களுக்குப் படித்துத் தெரிய வேண்டியவை அல்ல. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என்று அவர்கள் அன்றாடம் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஏரியுள்ள ஊர்களின் பெயர்கள். வெள்ளத்தைக் கதைக்குள் பெயர் சொல்லி நுழைக்க வேண்டியதில்லை. அந்த அனுபவம் நீர்க்கட்டியின் பாதத்தில் இருந்தால் போதும்: கசிவை அவர் காலால் உணர்வது எப்படி என்று எழுதும்போது அது தானே வெளிப்படும்.

மூன்றாவது உறுப்பாகிய மரபைக் கடைசியில் வைத்தமைக்குக் காரணம், அது கதையின் பொருளில் இல்லாமல் சொல்லும் முறையில் இருப்பதுதான். நம் வாய்மொழிக் கதையின் வினைமுற்றைக் கவனியுங்கள். ‘ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தாளாம், அவளுக்கு ரெண்டு மகன் இருந்தானுங்களாம்.’ இந்த ‘ஆம்’ வெறும் அசையன்று. நான் கண்டதில்லை, கேட்டேன் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கதைசொல்லி அறிவிக்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அது பயன்படும். தமக்குச் சொன்னவரை வணங்கவும் பயன்படும். மாணவர் எழுதும்போது முதலில் உதிர்வது இதுதான். ‘இருந்தாள்’ என்று எழுதியதும் எல்லாம் கண்ட ஆசிரியர் ஒருவர் வந்து அமர்ந்துவிடுகிறார். எல்லா வினையிலும் ‘ஆம்’ சேர்த்தால் அச்சில் சலிப்புத் தட்டும் என்பது உண்மையே. அதற்கு வழி உண்டு: கதையின் வாயிலிலும், நம்ப அரிய நிகழ்ச்சி வரும் இடத்திலும் மட்டும் அதை நிறுத்தி வைக்கலாம். சுவர் ‘விழுந்ததாம்’. அந்த ஓர் இடத்தில் அது வந்தால் முழுக்கதைக்கும் குரல் கிடைத்துவிடும்.

‘ஆம்’ சொல்பவருடையது, ‘உம்’ கேட்பவருடையது. கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். உம் நின்றால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள், கதையும் நிற்கும். ஆகவே வாய்மொழிக் கதையின் வாக்கியங்கள் உம் கொட்ட இடம் விட்டே அமைந்தவை. ஒரு செயல், ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு செயல். எழுத்தில் உம் இல்லை. அதற்கு ஈடாக மாணவர் வாக்கியத்தின் முடிவையும் பத்தியின் முடிவையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியத்தில் ஐந்து நிகழ்ச்சிகளைச் சொல்லும் பழக்கம் கட்டுரைக்கு உதவலாம், இங்கே உதவாது. தூரத்தைக் காட்டப் பாட்டி ‘போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா’ என்பார். ‘நெடுந்தூரம் நடந்தாள்’ என்று மாணவர் சுருக்கினால் தகவல் வந்து சேரும். தூரம் வந்து சேராது. சொன்னதையே சொல்வது பாட்டியின் மறதியால் வருவதன்று. கேட்பவர் அந்த வழியை நடந்து தீர்க்கத் தரும் கால அவகாசம் அது.

மொழிபெயர்த்தல் என்று தொல்காப்பியம் கூறும் வகையும் இங்கே வந்து சேர்கிறது. ஆச்சியின் நெல்லைப் பேச்சை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவதும் ஒரு மொழிபெயர்ப்பே. எவ்வளவு வட்டாரச் சொல்லை வைத்துக்கொள்வது? கரிசல் வட்டாரத்துக்குத் தனி அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் இதில் நமக்கு ஆசான். முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளுக்கென்றே பணியாற்றினார். அவருடைய ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ 2007இல் பெருநூலாக வெளிவந்தது. அவரிடம் கற்க வேண்டியது சொற்பட்டியலை அன்று. கதையின் வாக்கியம் பேச்சின் மூச்சில் ஓடுகிறது. கதைசொல்லியின் கிண்டலும் இழுப்பும் அப்படியே இருக்கின்றன. அதனால் தெரியாத வட்டாரச் சொல் வந்தாலும் பொருள் தடைப்படுவதில்லை. தாம்பரத்து மாணவர்க்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஆச்சியின் பேச்சு உங்கள் பேச்சு அன்று. உங்களுக்கு வராத வழக்கை முழுக்கதையிலும் போலி செய்தால் அது நடிப்பாகிவிடும். உரையாடலில் ஆச்சியின் சொல் அப்படியே வரட்டும். சொல்லும் குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இந்த மரபு ஆளையும் சார்ந்தது. கிரிம் சகோதரர்கள் 1815இல் வந்த இரண்டாம் பகுதியின் முன்னுரையில், காசல் நகரை அடுத்த ஊரிலிருந்து வந்து கதை சொன்ன ஃபீமன் என்ற பெண்மணியைப் பெயர் சொல்லிப் போற்றினார்கள். பின்னர் வந்த பதிப்பில் அவருடைய உருவப்படமும் இடம்பெற்றது. அவர்களுக்குக் கதை தந்த வேறு பல பெண்களுக்கு அந்நூலில் அவ்விடம் கிடைக்கவில்லை; யார் எதைச் சொன்னார்கள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் அச்சகோதரர்களின் கையெழுத்துக் குறிப்புகளிலிருந்து தேடியெடுக்க நேர்ந்தது. நம் நாட்டிலும் கதை சொன்னவர்களின் பெயர் ஏறாமலே அச்சேறிய கதைகள் ஏராளம்.

ஆகவே, எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொன்னவர் இசைந்தால், கதையின் தலைப்புக்குக் கீழே அவருடைய பெயர், அவர் பிறந்த ஊர், அவர் அதை யாரிடம் கேட்டார், நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்னும் நான்கையும் எழுதுங்கள். நீங்கள் செய்த விகற்பம் இன்னது என்று ஒரு வரி சேருங்கள். எழுதி முடித்ததை ஆசிரியரிடம் கொடுக்கும் முன்னால், உங்களுக்கு அக்கதையைச் சொன்னவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே உம் கொட்டுகிறார், எங்கே ‘அப்படி இல்லை’ என்று குறுக்கிடுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு இரண்டாம் படியை எழுதுங்கள்.